காசு எப்போது கைக்கு வரும்?

போன இதழில், வீட்டிலேயே பொடி வகைகள் செய்து வெளியூருக்கு அனுப்பிச் சம்பாதிப்பது பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பொடி எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பாக்கி எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "வெளியூர்க்காரர்களிடம் பணத்தை எப்படி வாங்குவது? பேமெண்ட் கேட்வே என்கிறார்களே, அதில் எதை எடுத்துக்கொள்ளலாம்?"

நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டு மாமி டப்பாவை வாங்கிக்கொண்டு கையோடு பணத்தைக் கொடுத்துவிடுவாள். புனேயில் இருப்பவரிடம் என்ன செய்வது? அந்தக் காலத்தில் இதற்கு வி.பி.பி. இருந்தது. தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணத்தை வாங்குவார், அது மணியார்டராக நமக்கு வரும். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பார்சல் திரும்பி வரும், தபால் செலவு நம் தலையில். இன்றைய 'கேஷ் ஆன் டெலிவரி'யும் அதேதான். போன கூலி போதாதென்று திரும்பி வந்த கூலியையும் கூரியரில் கேட்பார்கள். 250 ரூபாய் பருப்புப் பொடிக்கு இது கட்டுப்படியாகுமா? பணத்தை முதலில் வாங்கிக்கொண்டே அனுப்புங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

மாதம் இருபது, முப்பது ஆர்டர் வருகிறவரையில் கேட்வேயே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். யூ.பி.ஐ. போதும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் யூ.பி.ஐ. பணத்துக்கு வியாபாரியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்ற அரசாங்க விதி 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 300 ரூபாய் அனுப்பினால் 300-ம் வரும், அதுவும் உடனே. ஒன்று மட்டும் கண்டிப்பாக இருங்கள். "பணம் போட்டாச்சு" என்று போனில் படம் அனுப்புவார்கள். படத்தை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். உங்கள் பாங்க் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே டப்பாவை மூடுங்கள். அதே மாதிரி, பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் அவன் திருடன்தான். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஆர்டர் பெருகி, எந்தப் பணம் யாருடையது என்று ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டி வந்தால், அல்லது கார்டில் கொடுக்கிறேன் என்பவர்கள் அதிகமானால், அப்போது கேட்வே எடுங்கள். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ என்று பல உண்டு. எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம்?" சாதாரணமாக 2 சதவீதம் என்பார்கள். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரலாம். 300 ரூபாய்க்குக் கமிஷன் 6, வரியும் சேர்ந்தால் அது 1 ரூபாய் 8 காசு, ஆக 7 ரூபாய் 8 காசு போகும். சரி, போகட்டும். ஆனால் 2 சதவீதத்தோடு ஒவ்வொரு ஆர்டருக்கும் 3 ரூபாய் சேர்த்து வாங்கும் திட்டங்களும் உண்டு. அதில் 150 ரூபாய் கறிவேப்பிலைப் பொடிக்கே அதே 7 ரூபாய் 8 காசு போய்விடும்! பெரிய பட்டுப்புடவை வியாபாரத்துக்கு அந்த மூன்று ரூபாய் தூசு, நமக்கு அது லாபத்தில் ஒரு பங்கு. யூ.பி.ஐ.யில் வந்த பணத்துக்கும் கேட்வே தன் கட்டணத்தை எடுக்குமா என்பதையும் தனியாகக் கேட்டு வையுங்கள்.

சதவீதத்தைவிட முக்கியம், பணம் நம் பாங்குக்கு எப்போது வருகிறது என்பதுதான். இதைச் செட்டில்மெண்ட் என்பார்கள். இரண்டு வேலை நாள் என்றால், வெள்ளிக்கிழமை வந்த ஆர்டருக்குச் செவ்வாய்க்கிழமைதான் பணம். மளிகைக்கடைக்காரர் மிளகாய்க்கும் பருப்புக்கும் அதுவரை காத்திருப்பாரா? உடனே வேண்டுமென்றால் கொடுக்கிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்பார்கள். ஆக, ஒரு வாரச் சாமானுக்கான பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

என் ஓர்ப்படியின் மகள் தஞ்சாவூரில் பொடி வியாபாரம் செய்கிறாள். ஒரு கேட்வேயில் சேரும்போது, சேர்த்துவிட்ட பையன் தொழில் என்ற இடத்தில் 'பரிசுப் பொருள்கள்' என்று போட்டுவிட்டான். தீபாவளிச் சமயம், ஆர்டர் மளமளவென்று வந்தது. திடீரென்று பணத்தை நிறுத்திவிட்டார்கள். "பெரியம்மா, ஸ்கிரீன்ல பதினெட்டாயிரம் வந்திருக்குன்னு காட்டுது, பாங்க்குல ஒரு பைசா இல்லே" என்று அழாத குறை. சொன்ன தொழில் ஒன்று, விற்கிற சரக்கு வேறு என்பதுதான் காரணம். உணவுப் பதிவான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழைக் கொடுத்து, தொழிலை மாற்றி எழுதி, பணம் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வளையலை அடகு வைத்துச் சரக்குப் பிடித்தாள். விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பூர்த்தி செய்யுங்கள், சகோதரிகளே.

யார் பெயரில் சேருவது? பான் கார்டும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்பார்கள். 'அவர் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதையே கொடுத்துவிடலாம்' என்று நினைப்பது சுலபம். அப்புறம் சர்க்கரை மூட்டை வாங்கக்கூட அவரைக் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் பெயரில் பான் வாங்கி, வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு திறந்துகொண்டு சேருங்கள். நாலு நாள் தாமதமானால் ஆகட்டும்.

புதுப் பெயராக ஒரு கம்பெனி வந்து கமிஷனே கிடையாது என்றால், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் அனுமதி பெற்ற 'பேமெண்ட் அக்ரிகேட்டர்' பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்றவர்கள் நம் பணத்தைத் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வங்கியில் எஸ்க்ரோ என்கிற தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது விதி.

கூரியர் ரசீதுகளைக் கிழித்துப் போடாதீர்கள். கார்டில் கொடுத்தவர் "பார்சல் வரவில்லை" என்று தன் பாங்கில் புகார் செய்தால் பணம் திரும்பப் போய்விடும், ரசீதும் சேர்ந்ததற்கான பதிவும்தான் நம் சாட்சி. நாமாகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலும் கமிஷன் திரும்பி வராது.

அமெரிக்காவில் இருக்கும் தங்கை மூலம் அங்கேயும் அனுப்பலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வெளிநாட்டுக் கார்டுக்குக் கமிஷனும் அதிகம், கேட்வேயில் தனி அனுமதியும் வாங்க வேண்டும். முதலில் உள்ளூர் ஆர்டர்கள் ஆறு மாதம் ஒழுங்காக நடக்கட்டும், பிறகு பார்க்கலாம். எண்ணெய் கசியாமல் ஊறுகாய் பார்சல் கட்டும் விதத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.