ஆர்.ஓ. மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை உப்பு

வெள்ளிக்கிழமை அன்னதானத்துல புந்தோங் அக்கா ஒருத்தர் கேட்டாங்க: "தம்பி, வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் மெஷின் கம்பிய எங்க பைப்புத் தண்ணியில விட்டாரு, பழுப்பா மாறிடுச்சு. ஆர்.ஓ. தண்ணி மாறவே இல்ல. இத்தனை வருசமா அழுக்கையா குடிச்சோம்?"

இல்லக்கா. அந்தப் பழுப்பு அவருடைய இரும்புக் கம்பியிலிருந்து கரைந்து வந்தது. தண்ணீரில் உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. அந்த உப்புகளை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்த தடவை அவர் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுச் சோதிக்கச் சொல்லுங்க. அதுவும் பழுப்பாகும்!

லெம்பாகா ஆயர் பேராக் சுத்திகரித்து அனுப்பும் தண்ணிக்கு என் கருத்துல ஆர்.ஓ. அவசியமில்ல. பைப்புத் துரு, குளோரின் வாசனைக்கு சாதாரண கார்பன் ஃபில்டர் போதும். நேரத்துக்கு மாத்தணும், அதுதான் முக்கியம். வீட்டு ஆர்.ஓ. பலதும் ஒரு லிட்டர் தர மூணு லிட்டரைக் கழிவா விடும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புகள் கரைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது.

தோட்டத்துல கிணத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி குடிக்கிறவங்க கதை வேற. டி.டி.எஸ். மீட்டர் கிருமியக் காட்டாது. முதல்ல லேப்ல சோதிங்க, அதுவரைக்கும் கொதிக்க வச்சுக் குடிங்க.

பயத்துல கையெழுத்துப் போடாதீங்க. முருகா சரணம் 🙏