வாலிபர் நாடகமும் வினவப்படாத வினாவும்

தொலைக்காட்சியில் வாலிபர்க்கென இயற்றப்படும் தொடர் நாடகங்களை வெறுங் காதற்பிதற்றல் என்று இகழும் பெரியோர் பலர். அவர் கூற்றுக்கு யாம் முற்றும் உடன்படுதற்கில்லை. ‘நான் யார்? என்னை விரும்புவார் யார்?’ என்னும் இரண்டு வினாக்களும் பதினாறாம் பிராயத்தில் எழுதல் இயற்கையே. அவற்றை நாடகமாக்குதலில் குற்றம் யாதுமில்லை. எமது குறை வேறொன்று.

2006ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ பள்ளி மாணாக்கரையே கதை மாந்தராகக் கொண்டு வீடுகள் பலவற்றுட் புகுந்தது. அன்று அதனைக் கண்டு களித்த சிறுவர் இன்று பெற்றோராய் விளங்குகின்றனர். 2022இல் அதே பெயரோடு புதியதொரு தொடர் ஹாட்ஸ்டாரில் வெளிவந்தது. நட்போ காதலோ என்னும் மயக்கம், பரீட்சையச்சம், பெற்றோர் கண்டிப்பு ஆகியவை இத்தகைய நாடகங்களில் நன்கு காட்டப்படுகின்றன. ஆயினும், யாம் கண்ட பகுதிகளில் காதலர் இருவரிடையே சாதி குறுக்கிட்டதாக எமக்கு நினைவில்லை.

நம் கொங்கு நாட்டின் நடைமுறை யாது? ‘எந்த ஊருங்க?’ என்று தொடங்கும் பேச்சு, கவுண்டர் இல்லங்களில் ‘என்ன கூட்டம்? குலதெய்வம் எந்தக் கோயில்?’ என்று தொடரும். ஒரே கூட்டத்தார் உடன்பிறந்தார் முறையினராகலின் தம்முள் மணஞ்செய்யார். ஆதலின், கேட்பவர்க்கு அது முறையறியும் வினாவேயாம். ஆனால் அதே வினாவைக் கேட்டவுடன் பேச்சை மாற்றும் மாணாக்கர் நம் விடுதிகளில் உளர். ‘நான் யார்’ என்று அவர் தம்மைத்தாம் வினவுமுன்னரே ஊரார் விடை எழுதிவிட்டனர்.

அவ்விடை எத்துணைக் கொடியதாகக்கூடும் என்பதை உடுமலைப்பேட்டை அறியும். பட்டியல் வகுப்பினரான பொறியியல் மாணவர் சங்கர், வேறு சாதியினரான கௌசல்யாவை 2015இல் மணந்தார். 2016 மார்ச்சு 13ஆம் நாள், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, மக்கள் பார்த்து நிற்க அவர் வெட்டுண்டு மாண்டார். மனைவியார் படுகாயத்தோடு உயிர்பிழைத்தார். வயதுவந்த இருவர் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ளக் குடும்பத்தின் இசைவோ சமூகத்தின் இசைவோ வேண்டுவதில்லை என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வெளிப்படக் கூறியதை நாடகம் கூற அஞ்சுவது ஏன்?

பிற நாட்டார் அஞ்சினாரல்லர். நார்வே நாட்டுப் பொது ஒளிபரப்பு நிலையம் 2015 முதல் 2017 வரை ‘ஸ்காம்’ என்னும் வாலிபர் நாடகத்தை வெளியிட்டது. ‘வெட்கம்’ என்பது அப்பெயரின் பொருள். ஆஸ்லோ நகரப் பள்ளியொன்றே கதைக்களம். ஒவ்வொரு பருவமும் ஒரு மாணாக்கரின் உள்ளத்தினின்று கதையைக் கூறும். மூன்றாம் பருவம் ஆணொருவனை நேசிக்கும் ஈசாக் என்பவனையும், நான்காம் பருவம் சானா என்னும் இஸ்லாமியப் பெண்ணையும் நடுநாயகமாக்கின. அந்நாட்டு இளைஞர் எவ்வடையாளத்தால் உறுத்தப்பட்டனரோ அதனையே அந்நாடகம் எடுத்துக்கொண்டது.

அகத்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாதெனத் தொல்காப்பியம் விதித்ததன்றோ, அடையாளத்தை மறைத்தல் தமிழ் மரபன்றோ எனச் சிலர் வினவலாம். காதல் எவர்க்கும் உரியதாதற்பொருட்டு எழுந்தது அவ்விதி என்பது எமது கருத்து. இன்று சாதியை மறைக்கும் நாடகமோ, அத்தடை நீங்கிவிட்டதென்று பொய் நம்பிக்கை தருகின்றது. சாதியைக் காட்டின் பகை வளரும் என்பாரும் உளர். காட்டாதிருந்த காலத்தும் பகை குறையவில்லை என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை.

நம் கலாசாலை ஆண்டுவிழாவிற்கு நாடகம் எழுதும் மாணாக்கர்காள்! காதலை எழுதுங்கள், நகைச்சுவையும் சேர்த்தே எழுதுங்கள். ஆனால் உங்கள் கதைத் தலைவனிடம் ‘எந்த ஊருங்க?’ என்று ஒருவரேனும் வினவட்டும். அவன் யாது விடை கூறுகின்றான் என்பதிலிருந்து நாடகம் தொடங்கட்டும். அவையிற் பின்வரிசையில் அமர்ந்து, இதுகாறும் தன் கதையை எம்மேடையிலுங் காணாத மாணாக்கன் ஒருவன் அன்று அதனைக் காண்பான்.