அஞ்சற் பொதியும் பொறுப்பும்

கடிதம் தொலைந்தாற் செய்தி தொலையும். பொதி தொலைந்தாலோ பொருளும் தொலையும். தேர்வு நெருங்குங் காலத்து நூற்பொதியை எதிர்நோக்கி நிற்கும் மாணவர் இதனை நன்கறிவர். பொதி எங்குள்ளதென்று இன்று கைப்பேசியே காட்டும். தொலைந்தபின் யார் பொறுப்பென்று அது காட்டாது.

இக்குறை புதியதன்று. பொதி தொலையினும் தாழ்க்கினும், தான் வெளிப்பட ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் அரசு பொறுப்பாகாது என்றது 1898 ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் நிலையச் சட்டம். அதற்கு மாற்றாக 2024 ஜூன் 18 இல் நடைமுறைக்கு வந்த 2023 ஆம் ஆண்டுச் சட்டமும், விதிகள் வகுத்த பொறுப்பன்றி வேறில்லை யென்றே கூறுகின்றது.

வெயிலில் அலையும் தபாற்காரரைப் பழித்தல் எம் கருத்தன்று. நூல்களுக்கென 2025 மே 1 இல் ‘ஞான் போஸ்ட்’ தொடங்கி, 300 கிராம் வரை வரி நீங்கலாக 20 ரூபாய்க்குக் கொண்டு செல்வதும் பாராட்டற்குரியதே. ஆயினும் கூலி குறைந்தமையாற் பொறுப்புங் குறைதல் முறையோ?

ஒப்புவித்த பொருளுக்குக் கணக்குக் கேட்கப்பட்ட உக்கிராணக்காரன் கதையை நாம் இளமை முதற் கேட்டுளோம். விதி வகுக்கும் உரிமை அரசின்பாலது. தொலைந்த நூலுக்கு அதன் விலையையேனும் ஈடாக அளிக்க விதி வகுத்தல் அதற்கு அரிதன்று.