குறுக்குவிசைகளை நாமே அமைத்தல்

இணைய உலாவியோடு நாம் இணைத்துக்கொள்ளும் நீட்சிகள் இந்நாளில் பலவாம். தமிழில் எழுத ஒன்று, அகராதி காண ஒன்று, விளம்பரங்களைத் தடுக்க ஒன்று என அவை பெருகியுள்ளன. அவற்றை இயக்கும் குறுக்குவிசைகளை ஆக்கியோர் வைத்தபடியே விட்டுவிடுதல் மாணாக்கர் பலரிடத்து வழக்கமாயிருக்கின்றது. அவ்வழக்கம் நன்றன்று என்பதே எமது கருத்து.

குரோம் உலாவியில் நீட்சிகளுக்குரிய பக்கத்தைத் திறந்து, அதன்கண் விசைப்பலகைக் குறுக்குவழிகள் என்னும் பகுதியை அடைந்தால், ஒவ்வொரு நீட்சிக்கும் வேண்டிய விசையை நாமே குறிக்கலாம். பயர்பாக்ஸில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த 66ஆம் பதிப்பு முதல், நீட்சிகளின் பக்கத்துப் பற்சக்கரக் குறியின்கீழ் இவ்வசதி உண்டு. குரோமில் ஒரு நீட்சியை ஆக்கியோன் நான்கு குறுக்குவிசைகளையே முன்மொழியலாம். முடிவு செய்யும் உரிமை பயன்படுத்துவோனுடையது. அவ்விசை கண்ட்ரோல், ஆல்ட் என்பவற்றுள் ஒன்றைக் கொண்டிருத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே சேர்தல் ஆகாது. யாதுகாரணமெனின், ஐரோப்பிய விசைப்பலகைகள் பலவற்றில் அவ்விரண்டின் சேர்க்கை எழுத்துக்களைப் பிறப்பிக்கும். எழுத்திற்குரிய இடத்தைக் குறுக்குவிசை கவர்தல் தகாதென்னும் நெறி இவ்விதியில் அடங்கியுள்ளது.

அந்நெறி தமிழுக்கும் உரியதன்றோ? 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்தன. கைகள் மாறி மாறி விரைந்து இயங்குதலே அதன் நோக்கம். ஆங்கிலத்தினின்று தமிழுக்கு மாறுந்தோறும் கையெடுத்துச் சுட்டியைத் தேடுவோனுக்கு அவ்விரைவு பயன்படாது. மாறுதல் அரிதாயின், அவன் தமிழையே விட்டு ஆங்கிலத்தில் எழுதி அமைவான். ஆதலின் எளிய விசையை முதற்கண் தமிழுக்கே அளித்தல் வேண்டும்.

சுட்டியிருக்க இஃது அற்பக் காரியம் என்பர் சிலர். கண்பார்வையில்லாத மாணாக்கனுக்குத் திரையிலுள்ள அம்புக்குறியால் யாது பிரயோஜனம்? அவனுக்கு விசைப்பலகையே வாயில். அவனது திரைவாசிப்பானுக்குரிய விசையைப் பிறிதொரு கட்டளைக்கும் வைத்தால் அவன் இடர்ப்படுவான்.

புதுக்கடை முதலாய ஊர்களினின்று வந்து, வீட்டிற் கணினியின்றிக் கலாசாலைக் கணினியையே நம்பியிருப்போர்க்கு இன்னுமோர் இடருண்டு. பொதுக் கணினியில் ஒருவர் தம் விருப்பப்படி விசையை மாற்றிச் சென்றால், பின்வருவோர் தடுமாறுவர். ஆகவே ஆசிரியரும் மாணாக்கரும் கூடி, தமிழுக்கும் திரைவாசிப்பானுக்கும் முதலிடம் தந்து, சில விசைகளை மட்டும் பொதுவாக வகுத்து, ஒவ்வொரு கணினியின் அருகிலும் எழுதி ஒட்டுவாராக. இதற்குப் பொருட்செலவில்லை, பிறரை நினைக்கும் மனமொன்றே வேண்டும்.