பொழுதுபோக்கா இது?

"செல்போன் வந்த பிறகும் இந்த ரேடியோக்காரர்கள் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். படித்தவர், உலக விவகாரம் தெரிந்தவர். அமெச்சூர் ரேடியோ என்பது வேலையற்றவர்கள் இரவெல்லாம் கண் விழித்து, முகம் தெரியாத எவனோடோ "அங்கே மழையா, வெயிலா?" என்று விசாரிக்கும் விளையாட்டு என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் நம்மில் பெரும்பாலோர் அங்கத்தினர்களாக இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் மேற்குப் பகுதி மலைநாடு. அங்கே மிட்செல் என்றொரு சிகரம்; உயரம் 6,684 அடி. அந்த நாட்டில் மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. அந்த மலையில் அமெச்சூர்கள் ஒரு ரிப்பீட்டரை வைத்துப் பராமரித்து வருகிறார்கள்.

ரிப்பீட்டர் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. கையில் பிடித்துப் பேசும் வயர்லெஸ் கருவியின் சக்தி ஐந்து வாட். படுக்கையறை விடிவிளக்கின் அளவு. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் அத்தோடு சரி. மலை உச்சிப் பெட்டி அந்த மெலிந்த குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்கிறது. மிட்செல் சிகரத்துப் பெட்டி பேசுவது 145.190 மெகாஹெர்ட்ஸில். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைதான். ஆனால் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் கிளிப்பிள்ளை.

2024 செப்டம்பர் 27ஆம் தேதி ஹெலீன் புயல் அந்த மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. சாலைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மின்சாரம் போயிற்று. செல்போன்கள் ஊமையாயின. கோபுரம் நிமிர்ந்து நின்றும் பயனில்லை. அதற்குச் செய்தி கொண்டுவரும் கேபிள் அறுந்துவிட்டால் அது வெறும் இரும்பு. அந்த மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த நாட்களில் மலை உச்சிப் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே மருந்து வேண்டும், யார் பிழைத்திருக்கிறார் என்ற சேதிகள் அதன் வழியே போயின, வந்தன.

"ஆகா, என்ன வீரம்!" என்று இப்போது நண்பர் கைதட்டுவார். அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிகக் கோபத்தை மூட்டுகிறது. வீரம் செப்டம்பர் 27இலா பிறந்தது? புயலும் இல்லை, பத்திரிகைக்காரரும் இல்லை என்ற சாதாரண நாளில் எவனோ மலையேறிப் பழைய பாட்டரியை மாற்றினானே, இடி விழுந்து கருகிய பாகத்தைக் கழற்றினானே, அப்போது அல்லவா பிறந்தது? அதற்கு அவனுக்குக் கூலியும் இல்லை. அமெச்சூர் அலையில் காசுக்குச் சேதி அனுப்ப அமெரிக்கச் சட்டமே இடம் கொடுப்பதில்லை. செலவு சங்கத்துச் சந்தா. மிச்சம் சொந்தப் பை.

தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். உலக அமெச்சூர்களோடு தொடர்பு கொள்ளவென்று பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான், 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. நேற்றுவரை 'விளையாட்டு'க்காகப் பேசிய அதே கருவியில்தான் தீவுக்காரர்களின் சேதி கரைக்கு வந்து சேர்ந்தது.

"ஆபத்துக் காலத்தில் சேதி சொல்வது சர்க்காரின் கடமை அல்லவா?" என்று கேட்கலாம். கடமைதான், சர்க்காரை நான் விடுவிக்கவில்லை. ஆனால் எல்லா விளக்கையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டு, கம்பி அறுந்ததும் இருட்டைத் திட்டுவது புத்திசாலித்தனமா? அந்தக் கம்பியைச் சாராத ஒரு விளக்கு வேண்டும். அமெச்சூரின் பெட்டி அதுதான்.

நாவல் எழுதுகிற நானும் குற்றவாளியே. வெள்ளத்தை எழுதுவேன், வெள்ளத்துக்கு மூன்று வருஷம் முன்னால் பாட்டரி மாற்றியவனை எழுதமாட்டேன். அவனிடம் கதை இல்லை என்று நினைத்தேன்.

இந்தச் சங்கத்துக்காரர்கள் புகழ் கேட்கவில்லை. மலை உச்சியில் பெட்டி வைக்க ஒரு மூலை, ஆண்டெனா கட்ட ஒரு கம்பம், பழுது பார்க்க ஏறிப்போக அனுமதி, இவ்வளவுதான் கேட்கிறார்கள். அந்த விண்ணப்பம் உங்கள் மேஜைக்கு வந்தால், 'பொழுதுபோக்கு' என்று எழுதி ஒதுக்கிவிடாதீர்கள். மறுபடி வெள்ளம் வரும் நாளில் உங்கள் வீட்டுச் சேதியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.