சைக்கிளை அலங்கரித்த பிள்ளை

நான் எழுத்தாளன் அல்லன். ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஸ்பானரும் அளவுகோலுமாகக் காலம் தள்ளியவன். இருப்பினும் என் மனத்தில் நெடுநாளாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை நம் சங்கத்துப் பெற்றோர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. குற்றம் குறை இருப்பின் பொறுத்தருள்க.

சென்ற தசரா விடுமுறைக்கு என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பத்து வயதுப் பேரனை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசித்து, சார்மினார், மிருகக்காட்சி சாலை எல்லாம் முடித்து, கடைசியில் பகதூர்புராவில் உள்ள சுதா கார்ஸ் மியூசியத்துக்குப் போனோம். மிருகக்காட்சி சாலைக்குப் போகும் நம்மவர்களில் பலர் பக்கத்திலேயே இருக்கும் இந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பி விடுகிறார்கள். 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கே. சுதாகர் என்ற ஹைதராபாத்காரர், பள்ளிக்கூட நாட்களிலேயே பழைய இரும்புச் சாமான்களை வைத்து வண்டி செய்ய ஆரம்பித்தவர். கிரிக்கெட் மட்டை, கால்பந்து, கத்தரிக்காய், கேமரா, பெண்கள் போடும் குதிகால் செருப்பு, இப்படிக் கண்ணில் பட்ட உருவத்தில் எல்லாம் கார் செய்து, அவற்றை ஓட்டியும் காட்டியிருக்கிறார். விதவிதமான சைக்கிள்களும் உண்டு. 2005 ஜூலை 1ஆம் தேதி இதே ஊரில் அவர் ஓட்டிக் காட்டிய மூன்று சக்கர சைக்கிள் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. அதன் உயரம் 41 அடி 7 அங்குலம். நீளம் 37 அடி 4 அங்குலம். சக்கரத்தின் விட்டம் மட்டும் 17 அடி! ஒரு ரயில் பெட்டி தரையிலிருந்து கூரை வரை சுமார் 13 அடிதான். அதைக் கையாண்டு பழகிய எனக்கே அந்தக் கணக்கு மலைப்பாக இருந்தது.

பேரன் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து, "தாத்தா, இதை எப்படித் திருப்புவாங்க? இதுக்கு பிரேக் எங்கே?" என்று கேட்டுக் கொண்டே வந்தான். நானும் உற்சாகமாக விளக்கிக் கொண்டே போனேன். அப்போது என் மகன் சிரித்துக் கொண்டே, "அப்பா, என்னோட பழைய சைக்கிள் ஞாபகம் இருக்கா?" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

விஷயம் இதுதான். 1998ஆம் வருடம். நாங்கள் அப்போது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. என்னுடைய பழைய சைக்கிளை அவனுக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் ஷிப்டு முடிந்து வருகிறேன், வாசலில் ஒரு கூட்டம். நடுவே என் சைக்கிள். மட்கார்டில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள். ஸ்போக்ஸ் கம்பிகளில் கலர் மணிகள். இரண்டு பக்கமும் கண்ணாடி. சக்கரம் சுற்றும்போது மோட்டார் சைக்கிள் போல் படபடவென்று சத்தம் வர ஓர் அட்டைத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய குழாயை வளைத்துச் செய்த, மான்கொம்பு போன்ற ஒரு ஹேண்டில்பார். பிள்ளைகள் எல்லாம் கைதட்டிக் கொண்டிருக்க, இவன் ராஜா மாதிரி அதில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன சார், உங்க பையன் சர்க்கஸ் கம்பெனியில் சேரப் போகிறானா?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே அவனைத் திட்டினேன். ஓர் அடியும் வைத்தேன். அன்று இரவே எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன். மறுநாள் கடையில் கொடுத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பழையபடி ஆக்கினேன். "படிப்பைப் பாரு, இந்தக் கூத்தெல்லாம் நமக்கு வேண்டாம்" என்றேன். அவன் படித்தான். நன்றாகவே படித்தான். இன்று பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல பதவியில் இருக்கிறான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் ஒரு ஸ்பானரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும் ஆளுக்குத்தான் போன் செய்கிறான்.

நான் ஏன் அப்படிக் கோபப்பட்டேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சைக்கிளை அலங்கரிப்பது எனக்குத் தெரியாத விஷயமா? புதுக்கோட்டைப் பக்கம் என் சிறு வயதில் குரங்குப் பெடல் போட்டுத்தான் சைக்கிள் கற்றேன். எங்கள் ஊர் இளவட்டங்களின் சைக்கிளில் ஹேண்டில்பார் நுனியில் பிளாஸ்டிக் ரிப்பன் தொங்கும். ஹப்பில் கலர் குஞ்சம் சுற்றும். சீட்டுக்கு வெல்வெட் உறை, மட்கார்டில் எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி படம், டைனமோ விளக்குக்கு மஞ்சள் துணி. ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டி வருவார்கள். அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றவன்தான் நானும்.

அப்படியிருக்க என் பிள்ளை செய்தபோது மட்டும் ஏன் பொறுக்கவில்லை? வந்த ஊரில் நாலு பேர் நம்மைப் பார்த்துச் சிரித்து விடக்கூடாதே என்ற பயம்தான். 1981இல் டிப்ளமாவைக் கையில் வைத்துக் கொண்டு, தெலுங்கும் தெரியாமல் இந்தியும் தெரியாமல் செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியவன் நான். தலையைக் குனிந்து கொண்டு வேலையைப் பார், பிள்ளைகளைப் படிக்க வை, யார் கண்ணிலும் படாதே என்பதுதான் நான் எனக்கே விதித்துக் கொண்ட சட்டம். நம்மில் பலருக்கும் அதுதான் சட்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். அந்தச் சட்டம் நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளின் கைகளுக்கும் விலங்காகப் பூட்டி விட்டோமோ என்று இன்று சந்தேகப்படுகிறேன்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. அந்த ஹேண்டில்பாரில் உண்மையாகவே ஒரு தவறு இருந்தது. குழாய் கிளாம்புக்குள் லூசாக இருந்ததால் ஒரு மரத்துண்டைச் சொருகி இறுக்கியிருந்தான். வேகமாகப் போகும்போது அது நழுவியிருந்தால் பல் போயிருக்கும். 1893இல் நிஜாம் ரயில்வே காலத்தில் ஆரம்பிக்கப்பட்ட லாலாகுடா ஒர்க் ஷாப்பில் தினமும் பத்துப் பேருக்கு இறுக்கத்தையும் தளர்ச்சியையும் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். என் பிள்ளையிடம் மட்டும் அந்தக் குறையைச் சொல்லவே இல்லை. "இது ஏன் ஆபத்து, வா காட்டுகிறேன்" என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவன் ஒரு பாடம் கற்றிருப்பான். அவனுக்குக் கிடைத்தது அடி மட்டும்தான்.

இப்படிப்பட்ட வேலையால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். ரைட் சகோதரர்களை எல்லோரும் விமானத்தோடுதான் சேர்த்துப் பேசுகிறோம். அவர்கள் அமெரிக்காவில் டேட்டன் நகரில் 1892 முதல் சைக்கிள் கடை நடத்தியவர்கள். 1896 முதல் சொந்தமாகச் சைக்கிள் தயாரித்தவர்கள். காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று பார்க்க 1901இல் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைப் படுக்கையாகப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். தெருவில் பார்த்தவர்கள் நிச்சயம் சிரித்திருப்பார்கள். 1903இல் பறந்த அவர்கள் விமானத்தின் விசிறிகளைச் சுற்றியதும் செயினும் பற்சக்கரமும்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பீகாரில் மோதிஹாரியைச் சேர்ந்த முகமது சைதுல்லா, வெள்ள நீரைக் கடப்பதற்காகச் சைக்கிளில் மிதவைகளைக் கட்டித் தண்ணீரிலும் தரையிலும் ஓட்டினார். அதற்காக 2005இல் தேசிய அளவில் பாராட்டுப் பெற்றார். நம் புதுக்கோட்டையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக் கொண்டார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்று சிலர் விரும்பியும் வாங்கினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். என் தங்கையும் அப்போதுதான் கற்றுக் கொண்டாள். கேரியரில் தண்ணீர்க் குடம் நிற்பதற்கு அவளே ஓர் இரும்பு வளையம் அடித்து மாட்டியிருந்தாள். ஊருக்குப் போனபோது அதைப் பார்த்து நான் பாராட்டினேன். தங்கை செய்ததைப் பாராட்டிய அதே நான்தான், சில ஆண்டுகள் கழித்து மகன் செய்ததைக் கழற்றச் சொன்னேன்.

இன்றைய நிலைமை என்ன? ஹைதராபாத்தில் சைக்கிள் மோகம் திரும்பி வந்திருக்கிறது. நல்லதே. அவுட்டர் ரிங் ரோடு ஓரமாக மேலே சூரிய மின்தகடு வேய்ந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஞாயிறு காலைகளில் லட்ச ரூபாய்க்கும் மேல் விலையுள்ள சைக்கிள்களை அங்கே காணலாம். எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். பணம் கொடுத்து வாங்கிய பொருளைக் காட்டிப் பெருமைப்படுவது வேறு, கையால் செய்ததைக் காட்டிப் பெருமைப்படுவது வேறு. பஞ்சர் ஆனால் வண்டியைக் காரில் ஏற்றிக் கொண்டு கடைக்குப் போகிற பிள்ளைக்கு அந்தச் சைக்கிளோடு என்ன உறவு இருக்க முடியும்?

அதற்காக எது செய்தாலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பெயிண்ட், மணி, குஞ்சம், விளக்கு, கூடை, கேரியர் இவற்றைப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டு விடலாம். ஹேண்டில்பார், முன் ஃபோர்க், பிரேக், சக்கரம் இந்த நான்கில் கை வைத்தால் பெரியவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். ஃபோர்க்கில் வெல்டிங் கூடவே கூடாது. சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் இரும்பின் தன்மை மாறி, ஒருநாள் சொல்லாமல் உடையும். பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வீரம் ஆகாது. சாதாரண சைக்கிளில் மோட்டார் பொருத்துகிறவர்களும் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். வேகம் 15 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இதை வகுப்பில் கரும்பலகையில் படித்த பிள்ளை மறந்து விடுவான். சொந்த சைக்கிளில் பிரேக் கட்டையை மாற்றிப் பொருத்திய பிள்ளை மறக்க மாட்டான்.

மார்க் குறைந்து விடாதா என்று தாய்மார்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். டியூஷனுக்குப் போய்வர ஆகும் நேரத்தைவிட இது குறைவு. கையில் கிரீஸ் ஒட்டினால் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும். பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் சுண்டல் விநியோகமும் பாட்டுப் போட்டியும் நடத்துகிறோம். வருகிற ஆண்டு அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளைக் கொண்டு வரட்டும். முதல் வாரம் ஓவர்ஆயில். கழற்றி, பால்ரஸ் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவது. இரண்டாம் வாரம் பஞ்சர் ஒட்டுவது, ரிம் கோட்டம் எடுப்பது, பிரேக் பிடிப்பது. மூன்றாம் வாரம் அவரவர் விருப்பப்படி அலங்காரம். பூஜை அன்று எல்லாச் சைக்கிளுக்கும் பொட்டு வைத்து வரிசையாக ஓட்டி வரட்டும். பரிசு அழகுக்கு ஒன்று, புதுமைக்கு ஒன்று. பிரேக் சரியில்லாத சைக்கிளுக்கு எந்தப் பரிசும் கிடையாது. நம் சங்கத்தில் என்னைப் போல் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் எத்தனையோ பேர் இருக்கிறோம். மாலையில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பேசுவதைவிட இது நல்ல வேலை.

மியூசியத்திலிருந்து திரும்பிய மறுநாள் பேரனுடன் உட்கார்ந்து பரணில் கிடந்த ஒரு பழைய சைக்கிளை இறக்கினேன். இருவருமாக முன் சக்கரத்தைக் கழற்றினோம். சிறிது நேரம் கழித்து என் மகன் செல்போனை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தான். "அப்பா, பத்தாம் நம்பர் ஸ்பானர் எது?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலை மட்கார்டுக்கு என்ன கலர் அடிப்பது என்று பேச்சு வந்தபோது, சிவப்பும் மஞ்சளும் என்று நான்தான் சொன்னேன்.