மரம் மண்ணைத் தின்பதில்லை

உரக்கடைச் சுவர்களில் ‘பயிருக்கு ஏற்ற உணவு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யூரியாக்காரரும் தொழுவுரக்காரரும் மற்ற எல்லாவற்றிலும் சண்டை பிடிப்பார்கள். இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி. செடி வேரால் சாப்பிடுகிறதாம், நாம் மண்ணில் போடுவதுதான் அதன் சாப்பாடாம். பள்ளியில் ஒளிச்சேர்க்கை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களும் தோட்டத்தில் இறங்கியதும் இதையே நம்புகிறார்கள்.

பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் இது அச்சேறியது. எல்லாம் தண்ணீரின் வேலை என்று அவர் முடிவுகட்டியதும் தப்புதான். வேடிக்கை என்னவென்றால், ‘கேஸ்’ என்ற சொல்லை உருவாக்கியவரே அவர். கரி எரிந்தால் வரும் வாயுவை ஆராய்ந்தவர். அதே வாயுதான் தன் தொட்டியில் மரமாகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. 1804இல் ஜெனிவாவின் சொசூர் அளந்து காட்டினார்: எடை ஏறுவது கரியமில வாயுவாலும் நீராலும். காய்ந்த செடியின் எடையில் சுமார் 95 சதவீதம் இவை இரண்டும் தந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் மிச்சத்துக்குள் அடக்கம். அது இல்லாமல் பயிர் தேறாது, உண்மை. உப்பில்லாமல் குழம்பும் தேறாது. அதற்காக உப்பையே பிசைந்து சாப்பிடுவோமா?

வேர்தான் மரத்துக்கு ஊட்டுகிறது என்பவர்கள், நர்சரியில் மாதுளைக்கு விண்பதியம் போடுவதைப் போய்ப் பார்க்கட்டும். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டுகிறார்கள். மேலே இலை வாடுவதில்லை. தண்ணீர் ஏறும் வழி பட்டையில் இல்லை, உள்ளே கட்டையில் இருக்கிறது. இலையில் நீர் ஆவியாக ஆவியாக, அந்த இழுப்பில் கீழிருந்து நீர்த்தாரை அறுபடாமல் மேலே வருகிறது. ஆனால் இலை சமைத்த சர்க்கரை இறங்குவது பட்டை வழியே. வளையத்தில் வழி அறுந்ததும் அது மேல் விளிம்பில் தேங்குகிறது, அங்கேதான் புது வேர் விடுகிறது. இதையே அடிமரத்தைச் சுற்றிச் செய்து பாருங்கள்: வேர் பட்டினி கிடந்து சாகும், பின்னாலேயே மரமும் சாகும். யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள்?

‘தொழுவுரம் போட்டால் செழிக்கிறதே’ என்பார்கள். செழிக்கும். அதைத் தின்பவை மண்ணின் நுண்ணுயிர்கள். அவை சிதைத்து விடுவிக்கும் தாதுக்களைத்தான் வேர் நீரோடு எடுக்கிறது. மண் பொலபொலப்பாகி ஈரம் நிற்பதும் ஒரு காரணம்.

இந்த நம்பிக்கைக்கு விலை இருக்கிறது. வெளிறிய பயிரைக் கண்டால் பசி என்று எண்ணி, காரணம் பாராமல் யூரியாவை வீசுகிறோம். நெல்லில் தழைச்சத்து மிஞ்சினால் புகையானும் குலைநோயும் தேடி வரும், கதிரும் சாயும். தொட்டியில் இன்னும் மோசம்: உரம் மிஞ்சினால் வேரால் நீர் எடுக்க முடியாது, இலையோரம் கருகும். கருகியதைப் பார்த்து மறுபடி ஒரு கை டிஏபி போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நிழல் விழும் பால்கனியில் ரோஜா பூக்கவில்லையென்றால் பெரும்பாலும் அதற்குத் தேவை உர மூட்டை அல்ல. தொட்டியைத் தூக்கி மொட்டைமாடி வெயிலில் வைக்க இரண்டு கைகள்.